தமக்கென ஒரு நடை



"தமிழ் பேச வரும், எழுத வராது" என்று நம் இளையர் பலர் சொல்லக் கேட்கிறோம். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுடைய சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர், 2010இல் அது 3.3 விழுக்காடு. இந்த நிலையில், பேச வரும் என்று சொல்லும் ஒருவரையும் எழுத்துக்கு வெளியே நிறுத்திவைக்கும் வசதி நமக்கில்லை. ஆகவே, அவர்கள் 'எழுத வராது' என்று சொல்வது எதை என்று பார்க்க வேண்டும்.

ஒரு பயிலரங்கில் மாணவி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "எனது பாட்டியின் மறைவு எங்கள் குடும்பத்தினரிடையே ஆழ்ந்த சோகத்தை ஏற்படுத்தியது." பிழையில்லை. ஆனால், யாருடைய பாட்டிக்கும் பொருந்தும் வாக்கியம் அது. "நடந்ததை வாயால் சொல்லம்மா" என்றேன். "பாட்டி போயிட்டாங்க. வீட்டுல யாருமே பேசல. டிவி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு" என்றார். அதையே எழுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். "பாட்டி போய்விட்டார். வீட்டில் யாருமே பேசவில்லை. தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது" என்று எழுதினார்.

தமிழ் இரட்டை வழக்குள்ள மொழி. பேசுவது போலவே எழுதுங்கள் என்று பிறமொழியார் தரும் அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாது. பேச்சின் விகுதி வேறு, எழுத்தின் விகுதி வேறு. அந்த மாணவியின் வாக்கியங்களில் விகுதிகள் மாறின. ஒரு சொல்லும் மாறியது. சொல்வரிசை மாறவில்லை. 'யாருமே' என்பதிலுள்ள உம்மையும் ஏகாரமும் மாறவில்லை. 'மட்டும்' இருந்த இடத்திலேயே இருந்தது. 'போயிட்டாங்க' என்பதில் ஒளிந்திருந்த 'விடு' என்னும் துணைவினை, 'போய்விட்டார்' என்று வெளிப்பட்டது. இனித் திரும்ப வாராது என்ற பொருளைத் தருவது அத்துணைவினைதான்.

ஒருவரது நடை பெரிய சொற்களில் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். என் பார்வையில் அது பெரும்பாலும் இத்தகைய சிறு உறுப்புகளிலேயே குடியிருக்கிறது. தனித்து நின்று பொருள் தராத இடைச்சொற்களுக்கென்றே தொல்காப்பியர் ஓர் இயல் வகுத்தார். ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் உம்மைக்கு எட்டுப் பொருளும் கூறினார். நாம் அதைத் தேர்வுக்கு மனனம் செய்துவிட்டு, கட்டுரை எழுதும்போது மறந்துவிடுகிறோம். 'வந்தான்', 'வந்துவிட்டான்', 'வந்து தொலைத்தான்' ஆகிய மூன்றிலும் செய்தி ஒன்றே. சொல்பவரின் மனம் வேறு வேறு.

இடைசெவல் என்னும் கரிசல் சிற்றூரில் 1923ஆம் ஆண்டில் சில நாள் இடைவெளியில் இருவர் பிறந்தனர்: கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி. ஒரே மண், ஒரே பேச்சு, நெருங்கிய நட்பு. கி.ரா. அந்த மக்களின் வாய்மொழியையே தம் எழுத்துமொழியாக்கினார். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் தொகுத்தார். தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர் அவர் என்பதை, வீட்டில் தமிழ் குறைவு என்று தயங்குவோர் கருத்தில் கொள்ளலாம். 1950களில் கோலாலம்பூரில் தமிழ் நேசனில் பணியாற்றி, இங்குள்ள எழுத்தாளர்களுக்குத் துணைநின்ற அழகிரிசாமியோ, எவரும் படிக்கத்தக்க பொதுத்தமிழில் அடக்கமாகக் கதை சொன்னார். இருவரில் எவர் நடை இயல்பானது? இரண்டும்தான். வட்டார வழக்கு இருந்தால்தான் இயல்பு என்பாரும், செந்தமிழாயின் செயற்கை என்பாரும் இவ்விருவரையும் அடுத்தடுத்துப் படித்தல் நன்று.

கண்டடைந்த நடையைக் காப்பது அதைவிடக் கடினம். பள்ளியில் 'கதிரவன் பொற்கதிர்களைப் பரப்பினான்' என்று தொடங்கிப் பழகுகிறோம். நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்தக் கதிர் எப்போது, எங்கே விழுகிறது என்று பார்ப்பதில்லை. வேலைக்குச் சென்றபின் அலுவலக மொழிபெயர்ப்பு வந்து சேர்கிறது. 'சரிசெய்தோம்' என்பது 'சீரமைப்பு நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது' என்றாகிறது. செய்தவர் யார் என்பது வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறது. சில நேரங்களில் அதற்காகவே அப்படி எழுதுகிறார்கள் என்பதும் என் ஐயம். ஈரச்சந்தை, வீவக, ரோத்தான் முதலிய நம் சொற்களைத் தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது என்று நாமே நீக்கிவிடுவதும் உண்டு. கரிசல் சொற்களைப் புரிந்துகொண்ட வாசகர் இவற்றையும் புரிந்துகொள்வார்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவரின் கட்டுரையில் விகுதியையும் சந்தியையும் தயங்காமல் திருத்துங்கள்; அது நம் கடமை. சொல்வரிசையிலும் இடைச்சொல்லிலும் கைவைப்பதற்கு முன் சற்று நில்லுங்கள். திருத்தியதை எழுதியவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் பெரும்பாலும் நம்முடைய சொல் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிடலாம்.