கூரை ஓட்டையில் விழுந்த சூரியன்



வானத்தைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும் என்று எண்ணி ஒதுங்கிவிடுபவர்கள் பலர். கல்குடாவில் பிறந்த எனக்குக் கிரகணத்தைக் காட்டியது, எங்கள் வீட்டுக் கிடுகுக் கூரையின் ஓர் ஓட்டைதான்.

1955 ஜூன் 20ஆம் திகதி. முழுச் சூரிய கிரகணம் ஒன்று இலங்கையைக் கடந்து சென்ற நாள். அதை ஆராய வெளிநாட்டு விஞ்ஞானிகள் ஹிங்குராக்கொடைப் பக்கம் வந்திருந்தார்கள். அன்று வசம்புச் சாறு குடித்தால் அழகு கூடும் என்ற புரளியை நம்பிக் குடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் இந்நாட்டில் உண்டு. எனக்கு எட்டு வயது. "வெளியில எட்டிப் பாராத மனே, கண் அவிஞ்சு போகும்" என்று அம்மம்மா கதவைச் சாத்திவிட்டா.

கூரை ஓட்டையால் வந்த வெயில், மண்சுவரில் வட்டப் பொட்டாக விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்க அது தேய்ந்து பிறையாயிற்று. எட்டு மணி கடந்த வேளையில் அதுவும் மறைந்து, ஊர் இருண்டது. கோழிகள் கூடு தேடின. சில நிமிடங்களில் வெளிச்சம் திரும்பியது. அம்மம்மா சொன்னதில் பாதி மெய்: சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பது ஆபத்து. ஆனால், ஒளியைச் சிறு துளை வழியே விடுங்கள். சூரியனின் வடிவமே எதிரே விழும்.

மற்றதைப் பெரியப்பா கற்றுத் தந்தார். கடல் தொழிலுக்குப் போகிறவர். விடிவெள்ளிதான் அவருக்கு மணிக்கூடு. "மினுங்கினால் நட்சத்திரம், மினுங்காமல் நின்றால் கோள்" என்பார். நட்சத்திரங்கள் வெகு தொலைவில் வெறும் புள்ளிகளாக இருப்பதால், காற்றின் அசைவில் அவற்றின் ஒளி துடிக்கிறது. கோள்கள் அருகில் சிறு வட்டுகளாக இருப்பதால் அந்தத் துடிப்பு தெரிவதில்லை. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தையும் கண்ணாலேயே காணலாம்.

நேயர்களே, 2004 டிசம்பர் 26 ஒரு பூரணை நாள். அன்று என் தங்கையையும் அவளுடைய இரு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோயிற்று. நிலவு செய்த வேலை என்று எங்கள் ஊரில் சிலர் சொன்னார்கள். நிலவு என்ன செய்யும்? சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை எங்கள் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. இந்து சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே டிசம்பர் 26 காலையில் சூரிய கிரகணம். வடக்கே சூரியன் ஒளி வளையமாகத் தெரிந்தது; எங்களுக்குப் பிறையாக. கடற்கரையில் விளக்கேற்றி நின்றோம். 9.25க்கு மௌன அஞ்சலி. வெயில் மங்கிக்கொண்டு வந்தது. அருகில் நின்ற ஒரு தாய் நடுங்கிய குரலில், "ஐயா, இண்டைக்குமா?" என்று கேட்டாள்.

அவளைப் பூவரச மரத்தடிக்கு அழைத்துச் சென்றேன். இலைகளின் இடைவெளிகளால் விழுந்த ஒளி, மணலெங்கும் சிறு பிறைகளாகக் கிடந்தது. அவளுடைய உள்ளங்கையிலும் ஒரு பிறை விழுந்தது. "பயப்படாதே பிள்ளை, பதினொரு மணி கடந்ததும் விட்டுவிடும்" என்றேன். அவள் வீட்டுக்கு ஓடவில்லை. பிறைகள் மறுபடி வட்டங்களாகும்வரை அங்கேயே இருந்தாள்.

நேரத்தைச் சொன்னதுதான் அவளுக்கு ஆறுதல். கிரகணத்தை நிமிடக் கணக்கில் முன்கூட்டிச் சொல்ல மனிதன் கற்றது, தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் குறித்து வைத்ததனால்.

2025 செப்டெம்பர் 7 இரவு பதினொரு மணிக்குச் சந்திரன் முழுதாகப் பூமியின் நிழலுக்குள் போய், 82 நிமிடம் செம்பு நிறத்தில் நின்றது. சற்றுக் கிழக்கே மினுங்காமல் சனி. சந்திர கிரகணத்தைப் பார்ப்பதால் கண்ணுக்குக் கேடில்லை. பேத்தியை எழுப்பி முற்றத்துக்குக் கூட்டி வந்தேன். எங்கள் வீட்டில் அன்று கதவு சாத்தப்படவில்லை.