முழங்கால் ஜவ்வும் மூடநம்பிக்கையும்

(கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று முழங்காலைப் பற்றிப் பேசப் போகிறேன். பகுத்தறிவுக் கூட்டத்தில் முழங்காலுக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் நினைக்கலாம். இந்தச் சிப்காட் பகுதியிலே இரும்புருக்கும் ஆலையிலும், பட்டறையிலும், மூட்டை தூக்குவதிலும் இருபது வருஷம் உழைத்தவனுக்கு மிஞ்சுவது தேய்ந்த முழங்கால்தான். வீட்டிலே குந்தியிருந்து துவைத்தும் கழுவியும் வருகிற பெண்களுக்கோ ஆண்களைவிட அதிகமாகவே இந்த வியாதி வருகிறது. வலிக்கிறவனிடம் காசு பறிப்பது வெகு சுலபம். அதனால்தான் நம் பக்கத்துச் சுவர்களில் மூட்டு வலி விளம்பரம் இல்லாத சுவரைக் காண்பது அரிதாயிருக்கிறது.

முதலில் வியாதி இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள். மூட்டில் இரண்டு எலும்புகள் சேருமிடத்தில், ஒன்றோடொன்று உராயாமலிருக்க வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இதைத்தான் ஜவ்வு என்கிறோம். இதற்கு இரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. இரத்தம் போகாத இடத்தில் புண் ஆறுவதும் புதுச் சதை வளருவதும் எளிதில் நடவாத காரியம். வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743-லேயே, குருத்தெலும்பு ஒருமுறை கெட்டால் மீளுவதில்லை என்று இலண்டன் இராயல் சங்கத்துக்கு எழுதிவைத்தார். இன்றுவரை, தேய்ந்து போன ஜவ்வைப் பழையபடி முழுக்க வளரச் செய்து காட்டிய தைலமோ, லேகியமோ, மாத்திரையோ, ஊசியோ எதுவும் இல்லை. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள்.

நம் ஜில்லாத் தலைநகரான திருவள்ளூரிலே ஒரு சாமி இருக்கிறது. அதற்குப் பெயரே வைத்திய வீரராகவர். அமாவாசையன்று ஆயிரக்கணக்கான ஜனங்கள் போய்க் கோயில் குளத்திலே வெல்லத்தைக் கரைக்கிறார்கள். வெல்லம் கரைவதுபோல வியாதியும் கரையுமாம்! கை கால் உருவம் அச்சடித்த தகட்டை வாங்கிச் செலுத்துகிறவர்களும் உண்டு. வெல்லம் தண்ணீரில் கரைவதற்கும் முழங்கால் வலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நாஸ்திகன் என்பார்கள். சரி, நான் வேறொன்று கேட்கிறேன். வைத்தியரே குடியிருக்கிற ஊரில் 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தார்களே, எதற்காக? வலிக்கிற காலோடு படியிறங்கிக் குளத்துக்குப் போகிற கிழவிக்கு அந்தப் படி ஒன்றே போதும், வலி இரட்டிப்பாக.

அடுத்தது புத்தூர் கட்டு. ஆந்திர எல்லைக்கு அப்பாலுள்ள புத்தூரின் பெயரை வைத்து நம் நாடெங்கும் கட்டுவைத்தியசாலைகள் இருக்கின்றன. எலும்பு ஒடிந்தவர்கள் அங்கே போய்க் குணமாகி வந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டவைத்தது யார்? எலும்புக்குள் இரத்தம் ஓடுகிறது. அசையாமல் நேராக வைத்திருந்தால் அது தானாகவே கூடும். கோணலாக வைத்தால் கோணலாகக் கூடும். எலும்பு தன் குணத்தால் செய்த வேலைக்குப் பச்சிலை பேர் வாங்கிக்கொள்கிறது! அந்தப் பேரை வைத்துக்கொண்டு, “ஒடிந்த காலையே சேர்த்தோம், தேய்ந்த ஜவ்வையா சேர்க்கமாட்டோம்?” என்று ஊர் ஊராகப் பலகை மாட்டுகிறார்கள். ஒன்று இரத்தம் ஓடுவது, மற்றொன்று ஓடாதது. இரண்டையும் ஒன்றாகச் சொல்வது அறியாமை, அல்லது பித்தலாட்டம்.

“எனக்குக் குணமாயிற்றே” என்று ஒருவர் எழுந்து சொல்லுவார். பொய் சொல்லுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். இந்த வலியின் இயல்பே ஏறுவதும் இறங்குவதுமாகும். தாங்க முடியாமல் ஏறியபோதுதான் நாம் வைத்தியனைத் தேடி ஓடுகிறோம். பிறகு அது தானாக இறங்கும்போது எந்தத் தைலம் கையிலிருந்ததோ அதற்குப் பெருமை. 2006-ல் அமெரிக்காவில் 1,583 பேரை வைத்துக் குளுக்கோசமின், காண்டிராய்டின் என்ற மருந்துகளைச் சோதித்தார்கள். குளுக்கோசமின் என்பது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது; பழவேற்காட்டில் நாம் வீசியெறிகிற ஓடுதான்! மருந்தே இல்லாத வெறும் மாத்திரை தின்றவர்களிலும் நூற்றுக்கு அறுபது பேர் வலி கணிசமாய்க் குறைந்ததாகச் சொன்னார்கள். மொத்தத்தில் மருந்து அதைவிட மேலானதாக நிரூபணமாகவில்லை. குணமான நூறு பேரைக் காட்டுவது எவ்வளவு சிறிய ருசு என்பது இதிலிருந்து தெரியவில்லையா?

நாட்டு வைத்தியனை மட்டும் தாக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். இங்கிலீஷ் வைத்தியத்துக்கும் அதே தராசுதான். முழங்காலுக்குள் குழாய்விட்டுக் கழுவிச் சுரண்டும் ஆபரேஷனை அமெரிக்காவிலே 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் பார்த்ததில் இரு தரத்தாருக்கும் வித்தியாசமில்லை என்று 2002-ல் வெளியிட்டார்கள். நம்முடைய இரத்தத்தையே எடுத்துப் பிரித்து முழங்காலில் குத்தும் பி.ஆர்.பி. ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்புத் தண்ணீர் ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருஷத்துக்குப் பின் வலியிலும் வித்தியாசமில்லை, ஜவ்விலும் வித்தியாசமில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. தங்கள் தொழிலின் தவறைத் தாங்களே சோதித்து அச்சிடுகிறார்கள் பாருங்கள், அந்த யோக்கியதையைத்தான் எல்லா வைத்தியரிடமும் கேட்கிறேன். நம் மிளகாயின் காரச்சத்தால் செய்த களிம்பு அப்படிச் சோதிக்கப்பட்டது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் 2019-ல் முழங்காலுக்குத் தடவலாம் என்று நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டார்கள். நாட்டுச் சரக்கு என்பதற்காக அதை யாரும் தள்ளவில்லை.

இவற்றிலெல்லாம் ஆபத்தானது பெயரில்லாத பொட்டலச் சூரணம். மூன்றே நாளில் வலி மாயமாகிறதென்றால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பரிசோதனையில் அகப்பட்டிருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொடியாகும். மாதக்கணக்கில் தின்றவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாதநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, விளம்பரம் சுவரில் இருக்கிறது!

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதை விற்கிறவன் இல்லாததால் விளம்பரமில்லை. வலிக்கிற காலை அசைக்கக் கூடாதென்பது தவறு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிச் சில வினாடி நிறுத்தி இறக்குங்கள். தினமும் செய்தால் தொடைச் சதை பலப்பட்டு மூட்டின் பாரத்தை வாங்கிக்கொள்ளும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. வலிக்கு மேலே தடவும் டைக்ளோபினாக் களிம்பு உண்டு. எல்லாம் மீறினால் மூட்டு மாற்று ஆபரேஷன். அதற்கான உபகரணங்களின் கொள்ளை விலைக்கு இந்திய சர்க்கார் 2017-ல் உச்சவரம்பு வைத்தார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இந்தத் தேய்மானத்தை விதி என்றும், வயசு என்றும், வாயு என்றும் சொல்லிவிடுகிறோம். ஜெர்மனியிலே, வேலையில் மொத்தம் 13,000 மணி நேரமாவது முழங்காலிட்டோ அதைப்போன்ற பாரத்திலோ உழைத்தவனின் முழங்கால் தேய்மானத்தைத் தொழில்நோயாக 2009-ல் பட்டியலில் சேர்த்தார்கள். பிரிட்டனிலும் அதே வருஷம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்கு அந்த உரிமை வந்தது. அங்கே முதலாளி பதில் சொல்ல வேண்டிய காரியத்துக்கு இங்கே நாம் குளத்தில் வெல்லம் கரைக்கிறோம்! இ.எஸ்.ஐ.க்காக உங்கள் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடிக்கிறார்கள். முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்ட வேண்டும். சம்பள வரம்புக்குட்பட்ட காண்டிராக்ட் தொழிலாளிக்கும், ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழனுக்கும் இது உண்டு. உங்கள் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள். வைத்தியத்துக்குப் போகும்போது, எந்த வேலையை, எத்தனை வருஷம், எத்தனை மணி நேரம் முழங்காலிட்டுச் செய்தீர்கள் என்பதை டாக்டர் சீட்டில் எழுதும்படி கேட்டு வாங்கி வாருங்கள்.