முழுத்தொகுதியா, தனிநூலா?

அம்பேத்கர் எழுத்துகளை மின்நூலாக்கும்போது எல்லாத்தையும் ஒரே கோப்பாப் போட்டுடலாம்னு சிலர் சொல்றாங்க. கொஞ்சம் யோசிக்கணும்.

‘சாதி ஒழிப்பு’, 1936இல் லாகூர் மாநாட்டையே ரத்து செய்து பேசவிடாமல் தடுத்த உரை. அதை அம்பேத்கர் தன் செலவில் சிறுநூலாக அச்சிட்டார். 1,500 படிகள் இரண்டே மாதத்தில் தீர்ந்தன. 1979இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட முதல் தொகுதிக்குள் அது பலவற்றில் ஒன்றானது. அச்சில் அதற்கு நியாயம் உண்டு: தாள், பைண்டிங், அலமாரி. மின்நூலுக்கு இந்தச் செலவெல்லாம் ஏது?

செல்போன்ல அந்த உரையை ஒரு மாணவர் முழுசாப் படிச்சு முடிச்சாலும், ‘இன்னும் நிறைய பாக்கி’ன்னுதான் தொகுதி காட்டும். பட்டியலிலும் ‘தொகுதி 1’ என்றுதான் இருக்கும். நூலின் பெயர் இருக்காது.

ஆய்வாளருக்குத் தொகுதி வேணும். ஒரு சொல்லை 1916 கட்டுரை தொடங்கி எல்லாவற்றிலும் ஒரே தேடலில் பிடிக்கலாம். அதையும் செய்வோம். ஆனால் முதலில் தனிநூல். அன்று அவர்கள் தடுத்த பேச்சை இன்று நாமே மூட்டை கட்டி வைக்க வேண்டாம்.