காற்கூறும் முக்காற்கூறும்
(சுருத பஞ்சமித் திருநாளில் ஆற்றப்பெற்ற உரை)

 

சுருத பஞ்சமி நூல்களுக்குரிய திருநாள். பேழையில் உள்ள ஆகம நூல்களையும் சுவடிகளையும் வெளியே எடுத்துத் தூசு நீக்கிப் புதிய துணியில் பொதிந்து பூசிப்பது இந்நாளின் வழக்கம். ஆயினும் இந்நாள் ஓர் ஏட்டின் கதையாகத் தொடங்கவில்லை. முதிய ஆசிரியர் ஒருவரின் கவலையில் தொடங்கியது.

கிர்நார் மலையின் சந்திர குகையில் தவமியற்றிய தரசேனாசாரியருக்கு முதுமை வந்துற்றது. தாம் அறிந்த ஆகம ஞானம் தம்மோடு மறைந்துபோகுமே என்று அவர் அஞ்சினார். தென்னாட்டில் கூடியிருந்த முனிவர் சங்கத்திற்கு ஓலை விடுத்தார். இரண்டு முனிவர்கள் வந்தனர். அவர்களே பின்னர்ப் புஷ்பதந்தர், பூதபலி என்று பெயர் பெற்றவர்கள். ஆசாரியர் உடனே பாடம் சொல்லவில்லை. இருவருக்கும் ஒவ்வொரு மந்திரம் அளித்து, இரண்டு நாள் நோன்பிருந்து செபித்து வருமாறு பணித்தார். ஒருவருடைய மந்திரத்தில் ஓர் எழுத்து மிகுந்திருந்தது. மற்றவருடையதில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. செபத்தின் முடிவில் தோன்றிய தேவதையருள் ஒருத்திக்குப் பல் நீண்டிருந்தது. மற்றொருத்திக்குக் கண் ஒன்றே இருந்தது. தேவதையர்க்கு அங்கக் குறை இருத்தல் இயல்பன்று என்று முனிவர்கள் எண்ணினர். பிழை மந்திரத்தில் உள்ளது எனத் துணிந்து, தாமே எழுத்தைத் திருத்தி மீண்டும் செபித்தனர். தேவதையர் குறையற்ற வடிவில் தோன்றினர். இதனைக் கேட்ட பின்னரே தரசேனர் மனம் மகிழ்ந்து பாடம் தொடங்கினார் என்று வீரசேனாசாரியரின் தவளா உரை கூறுகிறது. அவ்விருவர் வழியாக எழுந்ததே ஷட்கண்டாகமம். அவருள் பூதபலி முனிவர் தமிழ் வழங்கும் நாட்டுக்கு வந்து தங்கினார் என்பது மரபு. ஆதலின் இக்கதையில் தமிழ்ச் சமணர்க்குத் தனி உரிமை உண்டு.

ஆசாரியர் தேடியது சொன்னதைச் சொல்லும் மாணாக்கரை அன்று. கொடுத்த மந்திரத்தைப் பிழையோடு ஒப்பிப்பவர் கையில் ஆகமம் தங்காது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்றைய அறநெறி வகுப்பை எண்ணிப் பார்த்தல் தகும். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை பத்துப் பதினைந்து பிள்ளைகள். ஒரு மணி நேரம். கற்பிப்பவர் வார நாள்களில் அலுவலகத்திலோ வயலிலோ வீட்டிலோ உழைப்பவர். பாடத்தைத் திட்டமிடவோ படங்கள் வரையவோ அவருக்குப் பொழுதில்லை. அவர் சொல்கிறார், பிள்ளைகள் திருப்பிச் சொல்கின்றனர். ஆண்டு விழாவில் ஒரு சிறுமி இருபத்து நான்கு தீர்த்தங்கரர் பெயர்களையும் தடையின்றிச் சொல்கிறாள், அவை கைதட்டுகிறது. மறுநாள் பள்ளியில் தோழி ஒருத்தி, "நீங்கள் ஏன் இருட்டிய பின் உண்பதில்லை?" என்று கேட்கிறாள். "எங்கள் வீட்டில் அப்படித்தான்" என்பதற்கு மேல் அச்சிறுமிக்கு விடை தெரிவதில்லை. விடை தெரியாத வழக்கம் வெளியூர் விடுதிக்குச் சென்ற முதல் ஆண்டிலேயே நழுவிவிடுகிறது. தரசேனரின் கவலை இன்று ஒவ்வொரு சிராவகர் இல்லத்தின் கவலையாகவும் இருக்கிறது.

இதற்குரிய வழியைப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலின் பாயிரத்தில் வகுத்துள்ளார். ஆசிரியர் உரைப்பதை மாணாக்கன் எவ்வளவு நன்றாக ஏற்றுக்கொண்டாலும் அவனுக்குக் கிட்டுவது கல்வியில் காற்கூறே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வருகிறது. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறு நிறைகிறது. ஆசிரியர் ஒருவரே ஒரு மணி நேரமும் பேசும் வகுப்பு காற்கூற்றோடு நின்றுவிடும் என்பது இதனால் விளங்கும். எஞ்சிய முக்காற்கூற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. நீண்ட ஆயத்தமும் வேண்டா. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் சில துண்டுத் தாள்களும் இருந்தால் போதும். அத்தகைய எளிய பயிற்சிகள் ஆறு இங்கே கூறப்படுகின்றன.

முதலாவது பிழை காணல். இது தரசேனர் வழி. ஐந்து அணுவிரதங்களை ஆசிரியர் பலகையில் எழுதுகிறார்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொருள் ஈட்டாமை. இவற்றுள் ஒன்று பிழை என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிடுகிறார். பிள்ளைகள் தேடுவர். ஐந்தாவதைக் கண்டவுடன், "இது ஏன் பிழை?" என்று ஆசிரியர் கேட்க வேண்டும். கடை வைத்திருக்கும் தந்தையும் நெல் விளைவிக்கும் பாட்டனாரும் பொருள் ஈட்டுகின்றனரே என்று ஒரு பிள்ளை சொல்லும். அப்படியானால் விரதம் எதைத் தடுக்கிறது என்ற கேள்வி எழும். இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது மிகுபொருள் விரும்பாமை. ஈட்டலுக்கும் வைத்திருத்தலுக்கும் தாமே ஓர் அளவு வகுத்துக்கொள்ளுதல். ஒரு சொல்லை மாற்றி எழுதியதால் பரிமித பரிக்கிரகம் என்னும் நுண்பொருள் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. ஆசிரியர் செய்த ஆயத்தம் அந்த ஒரு சொல்லே.

இரண்டாவது இருவர் உரையாடல். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். உடனே கை உயர்த்தலாகாது. ஒரு நிமிடம் அனைவரும் அமைதியாகச் சிந்திக்கின்றனர். அடுத்த மூன்று நிமிடம் அருகிலிருப்பவரோடு பேசுகின்றனர். பின்னர் ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்லாமல், தம் இணையின் கருத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். "நான் சொன்னது அதுதான்" என்று இணை ஒப்பும்வரை விடை முடிவதில்லை. வழக்கமான வகுப்பில் ஐவர் பேச, பத்துப் பேர் வாளாவிருப்பர்; இங்கே அனைவரும் பேசுகின்றனர். அதனினும் மேலாக, பிறர் நோக்கை அவர் நின்ற இடத்தில் நின்று காணும் பழக்கம் வளர்கிறது. அனேகாந்தம் என்ற சொல்லைக் கேளாத குழந்தையும் அனேகாந்தத்தைப் பயில்கிறது.

மூன்றாவது நின்று காட்டல். நாவல் மரத்தடியில் பசியோடு வந்த அறுவர் கதை சமண இல்லங்களில் அனைவரும் அறிந்தது. ஒருவன் மரத்தை வேரோடு வெட்ட எண்ணினான், ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை, ஒருவன் கொத்தை, ஒருவன் பழத்தை மட்டும், ஆறாமவன் கீழே உதிர்ந்த பழம் போதும் என்றான். அறுவகை இலேசியைகளை விளக்கும் இக்கதையைச் சொன்னபின், மண்டபத்தின் ஒரு தூணை வேர் என்றும் எதிர்த் தூணை உதிர்ந்த பழம் என்றும் கொள்க. நல்ல நிலையில் உள்ள கைப்பேசி இருக்கும்போதே புதியது வேண்டும் என்று அடம்பிடிப்பவர் எங்கே நிற்பார்? தண்ணீர்க் குழாயை மூடாமல் செல்பவர் எங்கே நிற்பார்? பிள்ளைகள் தாம் கருதும் இடத்தில் சென்று நின்று, அதற்குரிய காரணத்தைக் கூறட்டும். பிறர் காரணம் கேட்டு இடம் மாறலாம். அம்மாற்றம் தோல்வியன்று என்பதை ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது கேள்வி மட்டும். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசைக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி ஆசாரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்ததை அங்குள்ள தொன்மையான கல்வெட்டுக் கூறுகிறது. இத்தகைய இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் விளக்கவுரையோடு தொடங்குவது வழக்கம். அதற்கு மாறாக, முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகள் கேள்விகளை மட்டும் சொல்லட்டும். எவரும் விடை சொல்லலாகாது. நாள்களை எண்ணியவர் யார்? அதைக் கல்லில் பொறித்தது எதற்காக? எல்லா உருவங்களும் ஒன்றுபோல் இருப்பது ஏன்? எழுந்த கேள்விகளுள் மூன்றைப் பிள்ளைகளே தெரிந்தெடுப்பர். பின்னர்ச் சொல்லப்படும் விளக்கம் கேட்ட செவியில் விழும் விடையாக அமையும். குன்றுக்குச் செல்ல இயலாதவர் தம் ஊர் ஜினாலயத்துத் தூண் முன்னும் இதனைச் செய்யலாம்.

ஐந்தாவது இளையோர்க்கு உரைத்தல். வயது வேறுபாடு இவ்வகுப்புகளின் பெருங்குறை என்று கருதப்படுகிறது. பவணந்தியார் கணக்கில் அதுவே பெருஞ்செல்வம். அரைக்கூறு அங்கேதான் இருக்கிறது. வகுப்பின் இறுதிப் பத்து நிமிடத்தில் மூத்த பிள்ளை ஒவ்வொன்றும் இரண்டு சிறுவர்க்கு அன்றைய பாடத்தைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். நூலிலுள்ள சொற்றொடரை அப்படியே சொன்னால் ஆறு வயதுக் குழந்தை, "அப்படியென்றால் என்ன?" என்று கேட்டுவிடும். அக்கேள்வியைவிடச் சிறந்த தேர்வு வேறில்லை.

ஆறாவது விடைபெறும் சீட்டு. வெளியேறுமுன் ஒவ்வொரு பிள்ளையும் துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதுகிறது: இன்று விளங்கியது ஒன்று, இன்னும் விளங்காதது ஒன்று. பெயர் எழுத வேண்டுவதில்லை. எழுத அறியாச் சிறுவர் மூத்தோரிடம் சொல்லி எழுதுவிக்கலாம். ஆசிரியர் வீடு சென்று அவற்றைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். பலர்க்கும் விளங்காதது எதுவோ அதுவே அடுத்த ஞாயிற்றின் தொடக்கம். அடுத்த பாடத்தின் ஆயத்தத்தைப் பிள்ளைகளே செய்து கொடுத்துவிடுகின்றனர்.

இவற்றைக் கையாள்வோர் மூன்று எச்சரிக்கைகளை நினைவில் கொள்வது நலம். ஒரு நாளில் ஒரு பயிற்சியே போதும். ஆறனையும் ஒரே நாளில் செய்தால் ஆரவாரம் மிஞ்சும், கல்வி மிஞ்சாது. பயிற்சிக்குப் பின் அன்றைய கருத்தை ஆசிரியர் தெளிவாகத் தொகுத்துரைக்க வேண்டும். ஆசிரியரின் காற்கூறு இல்லையேல் முக்காற்கூறு நிற்க இடமில்லை. பரிசும் தரவரிசையும் வேண்டா. பிழை சொன்ன பிள்ளையைப் பார்த்துப் பிறர் நகைக்கும் வகுப்பில் அடுத்த வாரம் எவரும் வாய் திறவார்.

மனப்பாடம் தேவையில்லை என்று இதனால் கொள்ளலாகாது. பஞ்ச நமஸ்கார மந்திரமும் நீதிநூற் பாடல்களும் இளமையிலேயே நாவில் பதிய வேண்டும். நன்னூல் தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும் பசுவையும் உவமை கூறுகிறது. கிளி இடைமாணாக்கர்க்கு உவமை. பசு புல் நிறைந்த இடத்தில் வயிறார மேய்கிறது. பின்னர் நிழலில் அமர்ந்து அசைபோடுகிறது. மனப்பாடம் மேய்ச்சல். மேயாத பசு அசைபோட முடியாது. மேய்ந்தபின் அசைபோட நேரம் தராத வகுப்போ பசுக்களைக் கிளிகளாக்கிவிடுகிறது. மேலே சொன்ன ஆறும் அசைபோடும் நிழல்களே.

இவ்வாறு பயின்ற சிறுமியிடம் பள்ளித் தோழி அதே கேள்வியைக் கேட்கட்டும். விளக்கொளியை நாடிவரும் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியும் என்றும், அவற்றின் உயிரும் தன்னுயிர் போன்றதே என்றும் அவள் தன் சொற்களில் சொல்வாள். தோழி மறுத்துப் பேசினால் பொறுமையோடு கேட்பாள். அச்சொற்கள் அவளுடையவை, ஆதலின் விடுதிக்கும் வெளிநாட்டுக்கும் அவளோடு செல்லும்.

இன்று பூசையில் வைக்கப்பட்ட நூல்கள் மாலையில் மீண்டும் பேழைக்குத் திரும்பும். வரும் ஞாயிறு ஒவ்வோர் ஊர் வகுப்பிலும் ஆசிரியர் பலகையில் ஒரு பிழையை எழுதிவிட்டு அமைதியாக அமரட்டும். அதனைத் திருத்த எழும் பிள்ளையின் கையில் ஆகமம் மீண்டும் உயிர் பெறும்.

அறம் வளர்க.