சிறிய காரில் சங்கீதம்

இந்தக் கணத்தில் என் குரலை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு சிறு கூம்பு. காகிதத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன அந்தக் கூம்பின் பின்னே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளைச் சுற்றி ஒரு காந்தம் இருக்கிறது. சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது கூம்பு அசைகிறது. கூம்பு அசையும்போது காற்று அசைகிறது. நான் பேசுவதாக நீங்கள் உணருகிறீர்கள். 1925-ஆம் ஆண்டில் ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் செம்மைப்படுத்தி வெளியிட்ட இந்த ஒலிபெருக்கி, நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அடிப்படையில் மாறவில்லை.

வீட்டுக் கூடத்தில் இதை வைக்க இடம் தேடி யாரும் அலைவதில்லை. ஆனால் இருவர் மட்டுமே அமரக்கூடிய, மடக்கும் கூரை கொண்ட ஒரு பழைய சிறிய காரில் இதை எங்கே வைப்பது? கேட்பதற்கு அற்பமான கேள்வி. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் நான் செய்த ஒரு தவற்றையும், அதிலிருந்து கற்றுக்கொண்டவற்றையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒலிப் பொறியாளனாக நான் சில ஆண்டுகள் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகே வசித்தேன். அங்கிருந்து சில மைல் தொலைவில் இருக்கிறது அபிங்டன் என்ற ஊர். எம்.ஜி. என்ற இரண்டெழுத்துப் பெயர் பெற்ற சிறிய பந்தயக் கார்கள் அந்த ஊரில்தான் உருவாயின. அவற்றுள் எம்.ஜி.பி. என்ற வகை 1962 முதல் 1980 வரை தயாராயிற்று. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. 1980-இல் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அந்தக் கார்களைக் குடும்பச் சொத்துப் போலப் பேணி வருவோர் இன்றும் பலர்.

என் அடுத்த வீட்டுக்காரர் அவர்களில் ஒருவர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 78. அவரிடம் 1965-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஒன்று இருந்தது. அவரும் அவர் மனைவியும் கோடைக் காலத்தில் கூரையை மடக்கிவிட்டு, உஃபிங்டன் குன்றின் மேல் வெண்சுண்ணாம்பில் வரைந்திருக்கும் பழங்காலக் குதிரையைப் பார்க்கச் செல்வார்களாம். நான் அங்கே குடியேறுவதற்கு முன்பே அந்த அம்மையார் காலமாகிவிட்டார். ஒரு நாள் அவர் வேலியருகே வந்து, "நீங்கள் ஒலி பற்றிய வேலை பார்ப்பவராயிற்றே! என் காரில் சங்கீதம் கேட்க ஒரு வழி செய்து தருவீர்களா?" என்று கேட்டார். நான் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். என்ன சங்கீதம் என்று கேட்கத் தோன்றவில்லை. அதுதான் என் முதல் தவறு.

இரண்டாவது தவறு அடுத்த சனிக்கிழமை நிகழ்ந்தது. கதவில் ஒலிபெருக்கி வைப்பதுதானே வழக்கம் என்று, ஓட்டுநர் பக்கத்துக் கதவின் உள் அட்டையையும், அதற்குப் பின்னால் இருந்த இரும்புத் தகட்டையும் வட்டமாக அறுத்தேன். ஆழத்தை முன்பே அளந்திருந்தேன். ஒலிபெருக்கி கச்சிதமாகப் பொருந்திற்று. பெருமையோடு நிமிர்ந்தேன். அவர் வந்து ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கக் கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி பாதி வழியில் 'டக்' என்று காந்தத்தில் இடித்து நின்றுவிட்டது. கண்ணாடி மேலே இருக்கும்போது அளந்தேனே ஒழிய, கீழே இறங்கும்போது அது எங்கே வரும் என்று நான் பார்க்கவில்லை.

அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை" என்றார். ஆனால் அறுபட்ட வட்டத்தின் ஓரத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். அந்தத் தடவலை நான் மறக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் கைவைக்காத தகடு அது. வேறு எதையும் கழற்றி மாட்டிவிடலாம். அறுத்த இரும்பை அறுபடாததாக ஆக்க முடியாது.

அன்று இரவு அமர்ந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டிய யோசனையைச் செய்தேன்.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்புறத்து அலையும் பின்புறத்து அலையும் ஒன்றையொன்று சந்தித்தால், கீழ்ச்சுருதி ஒலிகள் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு மறைந்துபோகும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். ஓட்டைகள் நிறைந்த பழைய கதவு நல்ல தடுப்பு ஆகாது. ஓட்டைகளை மூடினால்தான் பயன் தரும். மேலும் ஜன்னல் இடுக்கின் வழியே மழைநீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகளால் வெளியேறுவது இத்தகைய கார்களின் இயல்பு. அங்கே காகிதக் கூம்பை வைத்தால் ஒரு மழைக்காலத்தில் ஊறிக் கெட்டுவிடும். கதவில்தான் வைக்க வேண்டும் என்பவர்கள் பிளாஸ்டிக் கூம்பைத் தேர்ந்துகொண்டு, அதன் பின்புறத்துக்கு மேல் ஒரு சிறு நீர்க்காப்பும் அமைக்க வேண்டும். 1980-களில் உருவான நியோடிமியம் காந்தங்கள் உருவில் சிறியவை. அவை கொண்ட ஒலிபெருக்கிகளுக்கு ஆழம் குறைவு. நான் முன்பே அதை வாங்கியிருந்தால் கண்ணாடியும் தப்பியிருக்கும்.

அடுத்தது செவியின் விஷயம். இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரே ஒலி வந்தால், எது முதலில் வந்து சேருகிறதோ அந்தத் திசையிலிருந்தே ஒலி முழுவதும் வருவதாகச் செவி முடிவு கட்டிவிடுகிறது. 1949-இல் ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் இதை விரிவாக ஆராய்ந்தார். சிறிய காரில் ஓட்டுநர் ஒரு கதவை ஒட்டியே அமர்ந்திருக்கிறார். நான் நாடா பிடித்து அளந்தேன். அவர் தலையிலிருந்து அருகிலுள்ள கதவின் ஒலிபெருக்கிக்கு 80 சென்டிமீட்டர். எதிர்க் கதவின் இடத்துக்கு 117. கால் வைக்கும் பள்ளத்தின் பக்கச் சுவரில் வைத்தால் 111-ம் 140-ம் ஆகும். தொலைவுகளின் வேறுபாடு 37-இலிருந்து 29 ஆகக் குறைகிறது. பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த சங்கீதம் சற்றே நிமிர்ந்து, முன்னால் வந்து நிற்கும். அங்கே இன்னொரு வசதியும் உண்டு. பக்கச் சுவரின் அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே வடிவில் புதிய பலகை ஒன்றைச் செய்து அதில் ஒலிபெருக்கியைப் பொருத்தலாம். வேண்டாமென்றால் பழையதை மறுபடி மாட்டிக்கொள்ளலாம். பின்னால் ஆழம் போதுமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பள்ளத்தில் வைக்கும் ஒலிக்குக் கால்கள் குறுக்கே நிற்கின்றன. கீழ்ச்சுருதியின் அலை நீளமானது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 3 மீட்டருக்கும் மேல் நீளும். அது காலைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ 11 சென்டிமீட்டர்தான். அது நேர்கோட்டில் செல்ல விரும்புவது. கால் மறைத்தால் மங்கிவிடும். ஆகையால் மேல்சுருதிக்கெனத் தனியாக உள்ள சிறு ஒலிபெருக்கிகளை முன்பலகையின் மேல், துளையிடாமல் ஒட்டி வைப்பது நலம். இருக்கைகளுக்குப் பின்னால் வைப்போரும் உண்டு. கச்சேரி முழுவதும் முதுகுக்குப் பின்னால் நடப்பது போல் இருக்கும் என்பதைத் தவிர அதில் வேறு குறை இல்லை!

தேர்வு செய்யும்போது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். அது ஒலிபெருக்கி தாங்கக்கூடிய அளவே தவிர, தரக்கூடிய ஒலி அன்று. காரின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஒரு சாதாரண வானொலிப் பெட்டி ஒரு பக்கத்துக்குச் சுமார் 18 வாட்தான் சுத்தமாகத் தரும். பார்க்க வேண்டியது உணர்திறன் என்ற எண்ணை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி என்பதை அது சொல்லுகிறது. 87 டெசிபல் கொண்ட ஒன்றுக்குப் பதில் 90 கொண்ட ஒன்றை வாங்கினால், மின்திறனை இரட்டித்ததற்குச் சமம்.

ஆயினும் எத்தனை சிறந்த ஒலிபெருக்கியும் வெல்ல முடியாத எதிரி ஒன்று இருக்கிறது. அது காற்று. கூரையை மடக்கிவிட்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், இத்தகைய காரில் காற்றின் இரைச்சல் 85 டெசிபலை எட்டிவிடும், மீறவும் கூடும். அதற்கு மேல் எழும்பிச் சங்கீதம் கேட்க வேண்டுமானால் 94 டெசிபலாவது வைக்க வேண்டும். செவியின் நலனைக் கருதி அமெரிக்கத் தொழில் நலத்துறை ஆய்வாளர்கள் வகுத்த கணக்கு ஒன்று உண்டு: 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலுக்கு அந்தக் கணக்கு 1 மணி நேரமே தருகிறது. அதற்கு மேல் கேட்பது, நாளைய சங்கீதத்தை இன்றே செலவழிப்பதாகும். ஏற்கெனவே மேல்சுருதிகளை இழந்துகொண்டிருந்த 78 வயதுச் செவிக்கு இது விளையாட்டுக் காரியமா?

இந்தக் கணக்கையெல்லாம் மறுநாள் அவரிடம் சொன்னேன். அப்பொழுதுதான், கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "காரில் எதைக் கேட்க விரும்புகிறீர்கள்?"

அவர் உள்ளே சென்று கைத்தொலைபேசியை எடுத்து வந்தார். அவர் மனைவி பியானோ ஆசிரியையாம். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டு நாடாப் பதிவில், ஒரே ஒரு மைக்கின் முன்னால், அவர் வாசித்த 40 நிமிடம். மகன் அதைத் தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்திருந்தான். வாசிப்பின் நடுவே நாற்காலி கிறீச்சிடுவதும், அவர் தமக்குள் ஏதோ முணுமுணுப்பதும் கேட்டன.

ஒரு மைக்கில் பதிந்த ஒலிக்கு இடமும் வலமும் ஏது? நான் இரண்டு கதவுகளையும் அளந்து, ஒன்றை அறுத்தும்விட்டேன். அவருக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஒலிபெருக்கி. அதற்கான இடத்தை அபிங்டன் தொழிலாளர்கள் 1965-இலேயே ஒதுக்கியிருந்தார்கள்! அந்தக் காலத்து எம்.ஜி.பி.யில் முன்பலகைக்குக் கீழே, இருவருக்கும் நடுவே, ஒரு ஒலிபெருக்கிக்கான சட்டம் உண்டு. இருவர் செவிக்கும் ஏறக்குறையச் சமமான தூரம். புதிய துளை ஒன்றும் வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இக்கால வானொலிப் பெட்டிக்கு இடம், வலம் என இரண்டு வெளியீடுகள் உண்டு. இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே ஒலிபெருக்கியில் கொடுத்தால் பெட்டி பழுதாகும். ஒரே கூம்பில் இரண்டு கம்பிச் சுருள்கள் கொண்ட ஒலிபெருக்கி கிடைக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டையும் ஒவ்வொரு சுருளில் கொடுக்க வேண்டும். நான் அதையே வாங்கினேன். மற்றொன்று, 1967-க்கு முன் வந்த எம்.ஜி.பி. கார்களில் பேட்டரியின் நேர் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இக்காலப் பெட்டியை அப்படியே மாட்டினால் உருகுகம்பி எரிந்துபோகும். பேட்டரி இணைப்பை மாற்றி, டைனமோவுக்குப் புதிய துருவம் ஊட்டி, எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மின் கடிகையையும் சரிசெய்த பின்பே பெட்டியை இணைத்தோம்.

ஜூன் மாதத்து மாலை ஒன்றில் இருவரும் புறப்பட்டோம். கிராமப் பாதையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பியானோ ஓரளவு கேட்டது. நெடுஞ்சாலையில் ஏறியதும், நான் சொல்லாமலே அவர் அதை நிறுத்திவிட்டார். வெள்ளைக் குதிரைக் குன்றின் அடியில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பிறகு பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். இப்பொழுது நாற்காலி கிறீச்சிட்டதுகூடத் தெளிவாகக் கேட்டது. 40 நிமிடமும் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

பழைய காரில் ஒலிபெருக்கி வைக்க எண்ணும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. கடைக்குச் செல்வதற்கு முன், எதைக் கேட்கப் போகிறோம், எந்த வேகத்தில் கேட்கப் போகிறோம், யாருடைய செவி கேட்கப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். காரைச் செய்தவர்கள் ஏற்கெனவே ஓர் இடம் விட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். இரும்பை அறுக்கும் வாளைக் கடைசியில் எடுங்கள். இயன்றால் எடுக்காமலே விட்டுவிடுங்கள்.

நான் அறுத்த அந்த வட்டத்தை ஒரு தகட்டால் மூடி, மேலே புதிய அட்டை போட்டு மறைத்துக் கொடுத்தேன். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.