உரிமையும் கணக்கேடும்

சமூகப்பணிக் கல்வியிலேயே காலம் கழித்த ஒருவரைப் பட்டமளிப்பு விழா மேடையில் ஏற்றினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் சங்கங்களின் கணக்கேட்டில் வந்து நிற்கும் என்பதை அவரிடம் பயின்றோர் நன்கறிவர். இவ்வுரையும் அதற்கு விலக்கன்று; அமெரிக்காவில் நடந்த ஒரு போராட்டத்தின் வழியே அது அங்கு வந்து சேரும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் லத்தீன் அமெரிக்க வழியினர் லத்தீனோக்கள் எனப்படுவர். அவர்களுள் மெக்சிகோ வழிவந்து, தம் உரிமைக்காக 1960களில் அணிதிரண்டோர் தம்மைச் சிகானோ என்று அழைத்துக்கொண்டனர். அவ்வியக்கம் வலுப்பெற்றிருந்த 1972இல், சியாட்டில் நகரின் சமுதாயக் கல்லூரி ஒன்றில் வயது வந்தோருக்கு நடந்துவந்த ஆங்கில, அடிப்படைக் கல்வி வகுப்புகளுக்கான நிதி நிறுத்தப்பட்டதால், ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருசேர இடமின்றி நின்றனர். பீக்கன் ஹில் பகுதியில் 1904இல் கட்டப்பட்ட பள்ளிக் கட்டடமோ அப்போது பயனின்றிப் பூட்டிக் கிடந்தது. அக்டோபர் 11 அன்று, அதைப் பார்வையிட இசைவு பெற்றுச் சென்ற குழுவினருக்காகக் கதவு திறக்கப்பட்டபோது, அருகே காத்திருந்த மற்றவர்களும் உள்ளே நுழைந்து, வெளியேற மறுத்து அமர்ந்துவிட்டனர். குழாயில் நீரில்லை, குளிர்காய வெப்பமூட்டும் வசதியில்லை. அந்நிலையிலேயே குளிர்காலத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் குழந்தைகளோடு அங்குத் தங்கினர்.

ஆசிரியரான ரொபெர்ட்டோ மாயெஸ்டாஸ் முன்னின்ற அப்போராட்டத்துக்குக் கறுப்பின மக்களின் தலைவர் லாரி காசெட், பிலிப்பினோ வழிவந்த பாப் சான்டோஸ், அமெரிக்கப் பழங்குடித் தலைவர் பெர்னி வைட்பியர் ஆகியோர் துணைநின்றனர். இவர்களுள் வைட்பியர், 1970இலேயே லாட்டன் கோட்டை எனும் இராணுவ நிலத்தில் பழங்குடியினருக்குப் பங்கு கேட்டுப் போராடியவர். இறுதியில் அக்கட்டடம் ஆண்டுக்கு 1 டாலர் குத்தகைக்குக் கிடைத்து, எல்லா இன மக்களுக்குமான மையம் என்று தன்னை விளக்கிக்கொள்ளும் 'எல் சென்ட்ரோ டி லா ராசா' உருவாயிற்று.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. கற்க வேண்டிய பாடமோ இதன் பின்னரே தொடங்குகிறது. இவ்வுரையாளரின் மாணவப் பருவத்தில் போராட்டமென்றால் முழக்கமும் ஊர்வலமும் என்றே கருதப்பட்டது. விடுதிச் சங்கத்தில் செயலாளர் பதவிக்குக் கடும் போட்டி நிலவ, பொருளாளர் பொறுப்பை மட்டும் எவர் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது. ஆனால் கூரை ஒழுகினால் யார் பார்ப்பது, நன்கொடைக்கு ரசீது யார் கொடுப்பது, உணவு வங்கிக்கு வந்த மூட்டைகளை யார் எண்ணி வைப்பது என்ற கேள்விகளுக்கு நாள்தோறும் விடை கண்ட அமைப்பே நிலைக்கும். கியூப விடுதலைக் கவிஞர் ஹோசே மார்த்தியின் பெயரில் குழந்தைகள் காப்பகத்தை நடத்தியும், குடியேறி வந்தோருக்கு உதவியும் வளர்ந்த அம்மையம், குத்தகைக்காரராக இருந்த நிலை மாறி 1999இல் கட்டடத்தை விலைக்கு வாங்கியது. 2010இல் மறைந்த மாயெஸ்டாஸின் பெயர் தாங்கிய குடியிருப்பு 2016இல் பக்கத்திலேயே எழுந்தது. எளிய வருவாய் உள்ளோர்க்கென அதில் 112 வீடுகள் உள்ளன. வாடகை உயர உயர ஏழைகள் நகரை விட்டுப் புறந்தள்ளப்படும் காலத்தில், அந்த எண் முழக்கத்தால் மட்டும் எட்டப்பட்டதன்று. வரவு செலவு தெரிந்தவர்களின் பொறுமையாலும் எட்டப்பட்டது.

உரிமைக்குக் குரல் கொடுப்போரை மதிக்கும் பட்டதாரிகள், அவர்களுக்கு நிர்வாகம் தெரிந்த துணைவர்களாகவும் விளங்குதல் வேண்டும். தாம் சேரும் முதல் அமைப்பில் மேடையில் இடம் தேடுவதற்கு முன், அதன் தீர்மானப் புத்தகத்தையும் கணக்கேட்டையும் கேட்டு வாங்கிப் படிப்பார்களாயின், இப்பட்டம் தகுதியானவர் கைக்கே சென்றது என்று ஊர் சொல்லும்.