நாளங்காடியும் நமது அங்காடியும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையிலே ஒரு மாணவன் கேட்ட கேள்வியோடு இன்றைய உரையைத் தொடங்குகிறேன்.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பூம்புகார் நகரம் இரண்டு பகுதிகளாக விளங்கியது. கடலோரமாக மருவூர்ப்பாக்கம், அதற்கு மேற்கே பட்டினப்பாக்கம். அரச வீதி, தேரோடும் வீதி, பெருங்குடி வணிகரின் மாளிகைகள் எல்லாம் பட்டினப்பாக்கத்திலே உள்ளன. இன்றைய சொல்லிலே கூறுவதானால், அதுதான் வசதி படைத்தோர் வாழ்ந்த பகுதி. இருபது ஆண்டுகளாக நான் படிப்பித்துவரும் பகுதியாகையால் அந்த இடத்துக்கு வந்தவுடன் என் குரல் தானாகவே ஒரு படி உயர்ந்துவிடும். அன்றும் உயர்ந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"சேர், உந்தப் பெரிய வீடுகளிலை ஆர் சமைச்சது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "அது பரீட்சைக்கு வராது, இரு" என்றேன். அவன் இருந்துவிட்டான்.

அந்த மாணவனின் தாயார் ஆறு வருடங்களாகக் குவைத்திலே ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறார். இது எனக்குத் தெரியாத விடயமல்ல. அந்த வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியனே நான்தான். மணி அடித்து வகுப்பை விட்டு வெளியே வந்த பிறகுதான் நான் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்பது எனக்கு உறைத்தது. இன்னொன்றும் உறைத்தது: அவனுடைய கேள்விக்கு விடை எனக்கும் தெரியாது. அந்த விடையைத் தேடிய கதைதான் இவ்வுரை.

நேயர்களே, நமது பழந்தமிழ்ப் புலவர்கள் செல்வத்தைப் பாடத் தயங்கியவர்கள் அல்லர். கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரைப் பாருங்கள். 301 அடிகளைக் கொண்ட பட்டினப்பாலையிலே அவர் ஒரு காட்சியைத் தீட்டுகிறார். வீட்டு முற்றத்திலே தானியம் காய்கிறது. கோழி வந்து கொத்துகிறது. காவலிருந்த பெண் காதிலே கிடந்த பொற்குழையைக் கழற்றிக் கோழிக்கு எறிகிறாள். அந்தக் குழை உருண்டு சென்று, சிறுவர்கள் உருட்டி விளையாடும் மூன்று சக்கரத் தேரைத் தடுக்கிறது. அவ்வூர்த் தேர்களுக்கு அதைவிட வேறு இடையூறு இல்லையாம்!

மிகைதான். ஆனால் அந்த மிகைக்குள்ளே ஒரு மெய்யும் இருக்கிறது. பொற்குழை அணிந்தவள் தானே முற்றத்தில் இருந்து தானியம் காக்கிறாள். இன்னொரு காட்சியிலே, அறச்சோறு ஆக்கும் அடுக்களைகளிலிருந்து வடித்த கஞ்சி ஆறுபோலத் தெருவிலே ஓடுகிறது. எருதுகள் மோதி அதைச் சேறாக்குகின்றன. பின்னர் தேர்கள் ஓடித் துகள் எழும்பி வெண்மாளிகைகளின் சுவர்கள் அழுக்காகின்றன. செல்வர் வீட்டுச் சுவரிலே அழுக்குப் படிந்திருப்பதையே அந்த ஊரின் பெருமையாகச் சொல்கிறார் புலவர். அந்த அழுக்கு பசித்தவருக்குச் சோறு வடித்ததனால் வந்தது அல்லவா?

அதே பட்டினப்பாலையிலே துறைமுகத்தில் வந்து குவிந்த பண்டங்களின் வரிசையும் வருகிறது. கடல்வழி வந்த குதிரை, மூடைகளில் வந்த மிளகு, வடமலைப் பொன், மேற்குமலைச் சந்தனம், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம். அந்த வரிசையிலே ஈழத்து உணவும் உண்டு. நமது மண்ணின் விளைபொருளும் அந்த அங்காடிக்குப் போயிருக்கிறது என்பதிலே நமக்கு ஒரு மகிழ்ச்சி. அந்த வணிகரைப் பற்றியும் புலவர் சொல்கிறார்: தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகவே மதிப்பார்கள், வாங்கும்போது மிகையாக வாங்கமாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கமாட்டார்கள். இதை மறந்துவிடாதீர்கள். சற்றுப் பின்னர் இதற்கு வருவேன்.

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்பு சென்றிருந்தேன். இராஜகிரியவுக்கும் நாவலவுக்கும் இடையிலே என் தங்கை வீடு. அங்கே இரண்டு கிழமை தங்கினேன். கால்வாயும் சதுப்பும் இன்னமும் மிச்சமிருக்கும் நிலம் அது. அயலிலே கோட்டேயில் 1982இல் புதிய நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. இன்று அப்பகுதியில் அடுக்குமாடிகளும் உயர்ந்த மதில்களும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் போகன்விலாக்களும். பட்டினப்பாக்கந்தான்.

விடியற்காலையில் நான் உலாவப் போவேன். அந்த நேரத்திலே பெரிய வாயிற்கதவுகள் திறப்பதில்லை. பக்கத்துச் சிறு கதவுகள்தான் திறக்கும். பஸ்ஸிலே வந்து இறங்கிய பெண்கள் கையிலே சாப்பாட்டுப் பொதியோடு அவற்றின் வழியே உள்ளே போவார்கள். தோட்டக்காரர், காவலாளி, நாயை உலாவக் கூட்டிச் செல்லும் பையன், எல்லாரும் வெளியிலிருந்து வருகிறவர்கள். மாலையிலே மீண்டும் அதே சிறு கதவு.

ஒருநாள் தங்கை என்னைச் சுப்பர் மார்க்கட்டுக்கு அழைத்துச் சென்றாள். குளிரூட்டிய மண்டபம். மெல்லிய இசை. வெளிநாட்டு அப்பிள்கள் மெழுகு பூசியதுபோல மின்னின. ஒரு தட்டிலே குரக்கன் மா அழகிய பொதியிலே இருந்தது. அதற்குப் பக்கத்திலே ஒடியல் மா. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டிலே அரிசி இல்லாத நாளில் ஒடியற் பிட்டு அவிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்ல வெட்கப்படுவோம். அந்த ஒடியல் இப்போது செல்வர் வீட்டு உடல்நல உணவாகிவிட்டது. விலையைப் பார்த்தேன். திடுக்கிட்டேன். ஆனால் ஒன்றும் பேசவில்லை. காசாளரிடம் போய், "பிள்ளை, இதிலே ஏதும் குறைக்கலாமோ?" என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அச்சிட்ட விலை அல்லவா? சொன்னதைக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலை வாரச் சந்தைக்குப் போனேன். 'பொல' என்று சிங்கள மக்கள் சொல்வது. தங்கை வீட்டிலே வேலைக்கு நிற்கும் ஒரு தாயும் பையோடு கூட வந்தார். மலையகத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். சந்தையின் ஓரத்திலே சாக்கு விரித்து ஒரு சிங்கள மூதாட்டி வல்லாரை விற்றுக்கொண்டிருந்தார். பிடி 100 ரூபா. நான் அறிந்த கொஞ்சச் சிங்களத்தையும் விரல்களையும் கொண்டு பேரம் பேசினேன். போவதுபோல நடித்தேன். திரும்பினேன். 80 ரூபாவுக்கு வாங்கினேன். எனக்குப் பெரிய வெற்றி.

திரும்பிப் பார்த்தால், கூட வந்த தாயும் அதே மூதாட்டியிடம் ஒரு பிடி வாங்குகிறார். தன் முந்தானை முடிச்சிலிருந்த காசிலே. 100 ரூபா கொடுத்து! "ஏனம்மா, இப்பதானே 80க்குத் தந்தவ?" என்றேன்.

"ராத்திரியே கெளம்பி வந்திருக்கும்ங்க ஐயா அது. எங்கம்மாவும் இப்புடித்தாங்க கீர வித்துச்சு" என்றார் அவர். அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

வாங்குவதை மிகையாக வாங்காதவர் புகார் வணிகர் என்று இருபது ஆண்டுகளாகப் படிப்பிக்கிறவன் நான். அச்சிட்ட விலைக்கு முன்னால் வாய் மூடி நின்றவன், சாக்கு விரித்தவரிடம் 20 ரூபாவைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அதுவும் எந்தக் காலத்தில்? 2022 செப்டம்பரிலே கொழும்பு நகரின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. ஓர் ஆண்டுக்குள்ளே அந்த மூதாட்டியின் கையிலிருந்த காசின் பெறுமதி எவ்வளவு கரைந்திருக்கும்! அன்று மதியம் அந்த வல்லாரைச் சம்பல் எனக்குத் தொண்டையால் இறங்கவில்லை.

அன்றிரவு தங்கை வீட்டு அலுமாரியிலே கிடந்த சிலப்பதிகாரத்தை எடுத்தேன். பட்டினப்பாக்கத்தை விட்டுவிட்டு, நான் எப்போதும் வேகமாக வாசித்துக் கடந்துவிடும் மருவூர்ப்பாக்கத்தை மெல்ல வாசித்தேன். பிட்டு விற்பவர், அப்பம் சுடுபவர், கள் விற்கும் பெண்கள், மீன் விற்கும் பரதவர், வெள்ளுப்பு விற்பவர், இறைச்சி விற்பவர், கன்னார், தச்சர், கொல்லர், தையற்காரர் என்று இளங்கோ ஒருவரையும் விடாமல் அழைத்துக்கொண்டு போகிறார். கடலாடு காதையிலோ இரவுக் கடற்கரையில் இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விளக்கை ஏற்றி வைக்கிறார். அப்பக்காரரின் கரிபிடித்த அகலுக்கும் அங்கே இடம் உண்டு.

மருவூர்ப்பாக்கத்து வரிசையின் முடிவிலே ஒரு சொல் வருகிறது: பிறர்வினையாளர். பிறருக்காக வேலை செய்வோர். என் மாணவனின் கேள்விக்கு விடை அதுதான் என்று எனக்குப் பட்டது. கோவலனையும் கண்ணகியையும் தனிமனையில் வைத்தபோது ஏவலாளரும் உடன் வைக்கப்பட்டனர். காவியம் அங்கே அவர்களின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பிறர்வினையாளரின் இருப்பிடத்தைச் சொல்லுகிறது. அது மருவூர்ப்பாக்கம்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். பட்டினப்பாக்கத்துக்கு இளங்கோ கொடுக்கும் அடைமொழி பெருமையும் புகழும் பற்றியது. குற்றமின்றி விளங்குவது என்று அவர் சொல்வதோ மருவூர்ப்பாக்கத்தை. இந்த இரண்டுக்கும் நடுவே மரங்களையே தூண்களாகக் கொண்டு நாளங்காடி இருந்தது. கொள்வோர் குரலும் கொடுப்போர் குரலும் ஓயாத இடம். இரு பாக்கத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் இடம் அது என்று நான் எண்ணுகிறேன். அச்சிட்ட விலையுள்ள மண்டபத்திலே அந்த முகம் தெரிவதில்லை. சந்தையிலே தெரியும். தெரிந்தும் நான் பார்க்கவில்லை.

சரி, பட்டினப்பாக்கத்து மாளிகையிலே சமைத்தவர் யாரென்று காவியம் காட்டவில்லை. ஆனால் சமைக்கும் பெண்ணொருத்தியை அது நமக்குக் காட்டாமல் விடவுமில்லை. செல்வமெல்லாம் இழந்து மதுரைக்கு வந்த பின்னர், நகருக்கு வெளியே ஆயர் வாழும் இடத்திலே மாதரியின் வீடு. ஆயர் குலப் பெண்கள் அரிசியும் காயும் கொடுக்கிறார்கள். ஐயை அடுப்பு மூட்டித் துணைநிற்கிறாள். மாநாய்கன் மகள் கண்ணகி காய் அரிகிறாள்; மெல்விரல்கள் சிவக்கின்றன; முகம் வியர்க்கிறது; கண்ணும் சிவக்கிறது. பனையோலைத் தடுக்கிலே கோவலனை இருத்தி, வாழைக் குருத்திலே சோறு படைக்கிறாள். அவள் கைச்சோற்றை உண்டுதான் அவன் ஒற்றைச் சிலம்போடு கடைவீதிக்குப் போனான். முன்னர் அந்நகரைச் சுற்றி வந்தபோது மணிக்கடையும் பொற்கடையும் துணிக்கடையும் கண்டு வியந்த அதே கோவலன். போனவன் திரும்பி வரவில்லை.

பெருஞ்செல்வன் மகளின் விரல் சிவந்ததைப் பாடிய இளங்கோ, மாதரி வீட்டு அடுக்களையையும் மாளிகைக்கு நிகராக நமக்குக் காட்டிவிட்டார். வீட்டு வேலை செய்யும் கைக்கு அதைவிடப் பெரிய மரியாதையை எந்தப் புலவர் செய்திருக்கிறார்?

செல்வம் நிலையாது என்பதற்கும் நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. புகாரைக் கடல் கொண்டதாக மணிமேகலை கூறுகிறது. நமது நாட்டிலே 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேரம் மின்சாரம் இல்லாத நாளையும் கண்டோம். எரிபொருள் வரிசையிலே விலையுயர்ந்த காரும் முச்சக்கர வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த நாள்களிலே மதில்களுக்கு இரு பக்கத்தவரும் ஒருவரோடொருவர் பேசினார்கள் என்று தங்கை சொன்னாள். வரிசை கலைந்ததும் பேச்சும் நின்றுவிட்டதாம்.

விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பினேன். மருவூர்ப்பாக்கத்தை முதலிலிருந்து படிப்பித்தேன். அந்த மாணவனை எழுப்பி, "தம்பி, நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அண்டைக்கு நான் சிரிச்சது பிழை" என்றேன். கரும்பலகையிலே 'பிறர்வினையாளர்' என்று எழுதினேன். அவன் அதைக் கொப்பியிலே எழுதிக்கொண்டான். பின்னர் கேட்டான்:

"இது குறைவான சொல்லோ, சேர்?"

"இல்லையடா. குற்றமில்லாத பாக்கத்திலை இருந்த ஆக்கள் எண்டு இளங்கோவே சொல்லியிருக்கிறார்" என்றேன்.

இம்முறை வகுப்பிலே யாரும் சிரிக்கவில்லை. அவன் அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு இருந்தான்.